இடது முட்டியும் பன்னிரண்டு பௌர்ணமியும்

ஜனவரி 13, திங்கள்

ஒன்பதாவது கிரிவலச் சுற்று முடிந்தது. இன்னும் மூன்று.

டீ நன்றாக இருந்தது. வருண லிங்கம் தாண்டி வழக்கமாக உட்காரும் கடையில் இஞ்சி தட்டிப் போட்டுக் கொடுத்தான். பட்டர் பன் ஒன்று. சிமெண்ட் பெஞ்சில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். போகிப் புகையில் மலையே தெரியவில்லை, அதனால் ஒன்றும் நஷ்டமில்லை. யாரும் என்னைக் கூப்பிடவில்லை. "அம்சவேணி" என்று வாசலில் ஒரு குரல் இல்லை, கட்டிலைத் தட்டும் சத்தம் இல்லை.

அங்கிருந்து எழுந்த பிறகுதான் இடது முட்டியின் வெளிப்பக்கம் சுருக்கென்றது. முதலில் கல் குத்திவிட்டது என்று நினைத்தேன். வெறுங்காலோடு பதினாலு கிலோமீட்டர் நடந்தால் ஏதாவது குத்தத்தான் செய்யும். குபேர லிங்கம் வருவதற்குள் காலை இழுத்து இழுத்து வைக்கும்படி ஆகிவிட்டது. வீடு வந்து சேர பத்து மணி.

பட்டம்மா அண்ணி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். என் வீட்டுக்காரருக்கு அக்கா. ஒவ்வொரு பௌர்ணமிக்கும் முந்தின நாள் சாயங்காலம் செங்கத்திலிருந்து வந்து, நான் மலை சுற்றிவிட்டு வரும்வரை தம்பியைப் பார்த்துக்கொள்வார்.

"இன்னாம்மா இவ்ளோ நேரம்? தம்பி ரெண்டு தரம் ஈரம் பண்ணிட்டான்."

"கூட்டம் அண்ணி."

வீட்டுக்காரருக்கு வலது கையும் காலும் விழுந்து, பேச்சும் போய், இந்தப் பொங்கலோடு ஒரு வருஷம். வேலூர் வண்டியில் இருபத்தாறு வருஷம் கண்டக்டர். அந்த வாயிலிருந்து இப்போது வருவது "இல்ல" ஒன்றுதான். சோறு வேண்டுமா என்றாலும் "இல்ல", வேண்டாமா என்றாலும் "இல்ல". இவர் எழுந்து பேசவேண்டும் என்று பன்னிரண்டு பௌர்ணமி கிரிவலம் வருவதாக வேண்டுதல். அண்ணியிடம் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். மாடிப்படி இறங்கினால் முட்டியில் ஊசி குத்துகிறது. ஏறினால் ஒன்றுமில்லை. ஏறிக்கொண்டே இருக்க முடியுமா?

ஜனவரி 17, வெள்ளி

காலை ஐந்தரைக்கு இவரைப் புரட்டிப் படுக்கவைத்துத் துடைத்தேன். துணி மாற்றினேன். ஆறரைக்குக் கஞ்சி. ஏழரைக்கு எழுப்பி நாற்காலியில் உட்காரவைத்தேன். ஒன்பதுக்கு மறுபடி படுக்கை. பதினொன்றுக்கு மறுபடி எழுப்பினேன். எத்தனை தரம் எழுப்பினேன் என்று கேட்டால் கணக்கில்லை. ஆள் ஐந்தே முக்கால் அடி. வியாதி வந்தும் எடை குறையாத மனுஷன் இவர் ஒருத்தர்தான்.

மத்தியானம் முட்டியில் நல்லெண்ணெய் காய்ச்சித் தேய்த்தேன். வலிக்கிற இடத்திலேயே கட்டை விரலை வைத்து அழுத்தி அழுத்தித் தேய்த்ததில் இன்னும் வீங்கிவிட்டது.

ஜனவரி 21, செவ்வாய்

ஷபானா வந்தாள். பிசியோதெரபி பெண். ஆம்பூர்க்காரி. செவ்வாயும் வெள்ளியும் வந்து இவருடைய கை கால்களை மடக்கி நீட்டிவிட்டுப் போவாள். இன்று இவர் காலைத் தூக்கும்போது, "சார், நான் தூக்கறேன், நீங்க எண்ணுங்க. ஒண்ணு..." என்றாள்.

இவர் "ரெண்டு" என்றார்.

நான் அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தேன். மூணு, நாலு, அஞ்சு. பத்து வரை போய் நின்றது. தண்ணி என்று சொல்லத் தெரியாத வாய் பத்து வரை எண்ணுகிறது!

"பேச்சு என் வேலை இல்லக்கா, அதுக்குத் தனியா படிச்சவங்க இருக்காங்க. ஆனா வருஷக்கணக்கா தினம் சொன்ன வார்த்தை இருக்கே, அது மூளையில வேற எடத்துல உக்காந்துக்கும். தானா வெளிய வரும். சார் டிக்கெட் எண்ணின ஆளாச்சே."

சந்தோஷப்படவேண்டும். பட்டேன். அவள் போனதும் கட்டிலருகே போய், "அம்சா சொல்லுங்க. அம்... சா..." என்றேன். "இல்ல" என்றார். இருபத்திரண்டு வருஷமாக வாய்க்கு வாய் கூப்பிட்ட பெயர். அது எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறதோ தெரியவில்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது. துவைக்கப் போய்விட்டேன்.

பிப்ரவரி 4, செவ்வாய்

ஷபானா கேட்டாள்: "ஏன்க்கா சாஞ்சு நடக்கறீங்க?"

செருப்பு கடித்துவிட்டது என்றேன். வீட்டுக்குள் எனக்கு ஏது செருப்பு? அவளும் என் வெறுங்காலைப் பார்த்தாள்.

பிப்ரவரி 12, புதன்

பத்தாவது.

இந்தத் தடவை எம லிங்கத்திலேயே ஆரம்பித்துவிட்டது. போன மாதம் எட்டு கிலோமீட்டர் தாண்டி வந்த வலி இப்போது மூன்றிலேயே வந்து நிற்கிறது. நிருதி லிங்கத்தில் ஓரமாக உட்கார்ந்தேன். உட்கார்ந்தால் வலி எங்கே போகிறதென்றே தெரியாது, கால் சாதுவாகிவிடும். எழுந்து இருநூறு அடி வைத்தால் மறுபடி குத்தும். நின்று நின்று போனேன். பக்கத்தில் ஒரு பெரியவர் எண்பது வயதில் விறுவிறுவென்று போகிறார். எனக்கு நாற்பத்தாறு. வயிற்றெரிச்சலாக இருந்தது.

அங்கேயே திரும்பியிருக்கலாம். செங்கம் ரோட்டில் ஆட்டோ நின்றுகொண்டுதான் இருந்தது. ஆனால் டீக்கடை அதற்கப்புறம் அல்லவா இருக்கிறது. நொண்டிக்கொண்டே டீக்கடை வரை போனேன். டீ, பன், சிமெண்ட் பெஞ்ச், ஒரு மணி நேரம். பிறகு உள் ரோடு வழியாக ஆட்டோ பிடித்து வந்து, தெருமுனையிலேயே இறங்கிக்கொண்டேன்.

"நல்லபடியா சுத்தினியா?" என்றார் அண்ணி.

"ஆச்சு அண்ணி."

திருநீறு கேட்டார். வாங்க மறந்துவிட்டேன். பூஜை அலமாரியிலிருந்த டப்பாவில் கை விட்டு எடுத்துவந்து கொடுத்தேன். கண்ணில் ஒற்றிக்கொண்டு தம்பி நெற்றியில் பூசினார். தம்பி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இவருக்குப் பேச்சுதான் இல்லை, கண் நன்றாகத் தெரியும்.

பிப்ரவரி 14, வெள்ளி

மாட்டிக்கொண்டேன்.

ஷபானா வரும் நேரம் பார்த்துக் கீழே பால் வாங்கப் போய், திரும்பும்போது அவளும் வர, "நீங்க மேல போங்கக்கா, நான் பின்னால வரேன்" என்றாள். ஏறுவதில் என்ன, ஏறினேன். மேலே போனதும், "இப்ப எறங்குங்க" என்றாள். இரண்டாவது படியிலேயே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

இவரை விட்டுவிட்டு என்னைப் பாயில் படுக்கவைத்தாள். முட்டியின் வெளிப்பக்க எலும்பில் விரலை வைத்து, காலை மடக்கி நீட்டினாள். "அம்மா!" என்று கத்திவிட்டேன். கட்டிலிலிருந்து இவர் "இல்ல! இல்ல!" என்றார். அப்புறம் இடது காலில் மட்டும் நிற்கச் சொன்னாள். நின்றேன். என் இடுப்பு வலப்பக்கம் தொபுக்கென்று இறங்கியது.

"முட்டி பாவம்க்கா, அது மேல தப்பில்ல. இடுப்புலருந்து தொடை வெளிப்பக்கமா ஒரு பட்டை மாதிரி வருது, முட்டிக்குக் கீழ முடியுது. இடுப்புல பலம் இல்லாததால எல்லா வேலையும் அந்தப் பட்டை இழுக்குது. அது இந்த எலும்புல வந்து அழுத்துது. எறங்கறப்பதான் ஜாஸ்தி தெரியும். அதை எண்ணெய் போட்டு நசுக்காதீங்க."

பிறகு போலீஸ்காரி மாதிரிக் கேட்க ஆரம்பித்தாள்.

"மாசம் பூரா எவ்ளோ நடக்கறீங்க?"

"கட்டிலுக்கும் பாத்ரூமுக்கும்."

"அப்பறம் ஒரே நாள்ல பதினாலு கிலோமீட்டர். ம். சாரை எந்தப் பக்கம் நின்னு தூக்கறீங்க?"

வலது கை விழுந்த ஆளை வலப்பக்கம் நின்றுதானே தாங்கவேண்டும்? அப்படி நின்றால் இவர் பாரம் முழுக்க என் இடது காலில்.

"மலை சுத்தறப்ப ரோட்ல எந்தப் பக்கம் நடப்பீங்க?"

"இடது ஓரம். எல்லாரும் அப்படித்தான். மலை பக்கம் சித்தருங்க நடக்கற எடம், நாம நடக்கக் கூடாது."

"எப்பவும் அதே ஓரமா?"

"எப்பவும். திசையும் மாத்தக் கூடாது. வலமாத்தான் சுத்தணும்."

"ரோடு ஓரத்துல சரிஞ்சு இருக்கும்ல? பதினாலு கிலோமீட்டரும் உங்க இடது கால் பள்ளத்துல, வலது கால் மேட்டுல. பத்து மாசமா." சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டாள்: "சித்தருங்க கொஞ்சம் தள்ளி எடம் குடுக்க மாட்டாங்களாக்கா?"

நானும் சிரித்துவிட்டேன். எத்தனை நாளாயிற்று சிரித்து. அதற்குள் அடுத்த குண்டைப் போட்டாள்: "ஆறு வாரம் கிரிவலம் கிடையாது."

"நடுவுல ஒரு பௌர்ணமி வருதே!"

"வரட்டும். நிலா வரும் போகும். இதே மாதிரி நடந்தீங்கன்னா வீட்டுக்குள்ளயே நொண்டணும். அப்பறம் சாரை யார் எழுப்பறது?"

எல்லாரும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்கிறார்கள். சாரை யார் எழுப்புவது.

அண்ணியிடம் சொல்லாதே என்று அவள் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டேன்.

பிப்ரவரி 18, செவ்வாய்

எனக்கும் பயிற்சி ஆரம்பம். ஒருக்களித்துப் படுத்து மேல் காலை நேராக, கொஞ்சம் பின்னால் தள்ளித் தூக்கவேண்டும். பிறகு முட்டியை மடக்கி, பாதம் இரண்டையும் சேர்த்துவைத்து, மேல் முட்டியை மட்டும் திறந்து மூடவேண்டும். பிறகு மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்கவேண்டும். ஒவ்வொன்றும் பதினைந்து. படி இறங்கும்போது வலிக்கிற கால் முதலில், ஏறும்போது நல்ல கால் முதலில். வலி இருந்தால் துணியில் ஐஸ் சுற்றிப் பத்து நிமிஷம்.

இவர் இடுப்புக்கு ஒரு பெல்ட் கொண்டுவந்து கொடுத்தாள். அதைப் பிடித்து, நேர் எதிரில் நின்று, இரண்டு காலையும் ஊன்றித் தூக்கவேண்டுமாம். தூக்கினேன். ஒரு வருஷமாக இதை யாரும் சொல்லவில்லை.

மத்தியானம் கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்துக் காலைத் தூக்கினேன். பகலில் தரையில் முதுகு சாய்ந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஏழாவதிலேயே தூங்கிப்போய்விட்டேன். எழுந்தபோது மணி நாலு. இவர் ஈரத்திலேயே படுத்திருக்கிறார், கட்டிலைத் தட்டவே இல்லை.

பிப்ரவரி 25, செவ்வாய்

இவர் எண்ணுகிறார். நான் காலைத் தூக்கினால் "ஒண்ணு". பதினொன்று வரை ஒழுங்காகப் போய், அங்கிருந்து நேரே பதினைந்துக்குத் தாவிவிடுகிறார்.

"நடுவுல மூணு எங்க? பஸ்லயும் இப்படித்தான் ஆளை எண்ணினீங்களா?"

இடது பக்கத்து வாய் மட்டும் கொஞ்சம் மேலே போயிற்று. சிரிப்புதான். எனக்கு மூன்று மிச்சம், நானும் விட்டுவிட்டேன்.

மார்ச் 8, சனி

மொட்டை மாடியில் பத்து நிமிஷம் நடந்தேன். சமமான தரை. எட்டுப் போட்டு நடக்கச் சொல்லியிருக்கிறாள், இரண்டு பக்கமும் திரும்ப வேண்டுமாம். சின்னச் சின்ன அடி. பத்தாவது நிமிஷத்தில் வலி வருகிற மாதிரி இருந்தது. வருவதற்கு முன்னாலேயே நிறுத்திவிடவேண்டும் என்பது கட்டளை, நிறுத்திவிட்டேன்.

பௌர்ணமிக்கு ஆறு நாள். அண்ணியிடம் என்ன சொல்வது? ஒன்றும் சொல்லாமல் கிளம்பி, தெருமுனையில் ஆட்டோ பிடித்து நேரே டீக்கடைக்குப் போய்விட்டால் என்ன?

எழுதிவிட்டேன், அடிக்கவில்லை. இருக்கட்டும்.

மார்ச் 13, வியாழன்

அண்ணி வந்தார். பையை வாங்கப் படி இறங்கினேன். ஒற்றைக் கால் ஒற்றைக் காலாக நான் இறங்குவதைக் கீழே நின்று பார்த்துவிட்டார்.

"அம்சவேணி! கால்ல இன்னா?"

சொல்லவேண்டியதாகிவிட்டது. முட்டி, பட்டை, ஆறு வாரம், எல்லாம். ஆட்டோ விஷயம் தவிர.

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை. கண் கலங்கிவிட்டார். "என் தம்பிக்காக காலை ஒடிச்சிக்கினியே தாயி. ஏன் எங்கிட்ட சொல்லல? நான் எதுக்கு கீறேன்? நாளைக்கு நீ வீட்ல இரு. வேண்டுதல் தடைபடக் கூடாது. உனக்குப் பதிலா நான் போறேன்."

"வேணாம் அண்ணி, உங்களுக்கு அறுபத்து நாலு."

"உசுரு கொடுத்த அண்ணாமலையாரு காலு கொடுக்க மாட்டாரா?"

எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். வெயில் என்றேன், கூட்டம் என்றேன், சர்க்கரை என்றேன். அசையவில்லை. நான் கெஞ்சக் கெஞ்ச, என் பாசத்தை நினைத்து இன்னும் அழுகிறார். இதற்கு மேல் என்ன செய்ய?

மார்ச் 14, வெள்ளி

காலை ஐந்துக்கு அண்ணி கிளம்பிவிட்டார். கதவைச் சாத்தினேன்.

என் பௌர்ணமி. நான் வீட்டில்.

துடைத்தேன். துணி மாற்றினேன். கஞ்சி காய்ச்சினேன். ஊட்டும்போது இவர் தலையைத் திருப்பிக்கொண்டார், கஞ்சி கழுத்தில் வழிந்தது. துடைத்து மறுபடி ஊட்டினேன். மறுபடி திருப்பினார். கிண்ணத்தை டங்கென்று தரையில் வைத்தேன். கஞ்சி சுவர் வரை தெறித்தது. அப்போது வாயைத் திறந்தவள்தான், மூடவில்லை. என்ன சொன்னேனோ அதை அப்படியே எழுதிவைக்கிறேன். இன்றைக்காவது இந்த டைரியில் உண்மை இருக்கட்டும்.

"வேண்டுதலும் இல்ல, ஒண்ணும் இல்ல. கேட்டுக்கோங்க. நான் எந்த சாமிகிட்டயும் எதையும் வேண்டிக்கல. போன மே மாசம் உங்க அக்கா வந்திருந்தாங்க. அன்னைக்கு விடிகாலையில இந்தச் சுவத்தைப் பாத்துக்கினே நின்னேன். இன்னும் அஞ்சு நிமிஷம் இங்க இருந்தா எனக்குப் பைத்தியம் புடிச்சிடும்னு தோணிச்சு. கிளம்பிட்டேன். எங்கன்னு கேட்டாங்க. கோயில்னேன். இப்ப என்ன கோயில்னாங்க. பன்னெண்டு பௌர்ணமி வேண்டுதல்னு வாயில வந்துடுச்சு. பன்னெண்டு எங்கருந்து வந்துச்சுன்னு எனக்கே தெரியாது. மலை சுத்த நான் போகல. நீங்க இல்லாத எடத்துக்குப் போனேன். மாசத்துல அஞ்சு மணி நேரம். டீ குடிச்சுட்டு சும்மா உக்காந்திருப்பேன். அவ்வளவுதான். அதுவும் போச்சு. இப்ப உங்க அக்கா நடக்கறாங்க, இல்லாத வேண்டுதலுக்கு!"

சொல்லிவிட்டு அழுதேன். நன்றாக, சத்தம் போட்டு அழுதேன். கீழ்வீட்டில் மிக்சி ஓடிக்கொண்டிருந்தது நல்லதாயிற்று.

முகத்தைத் துடைத்துக்கொண்டு பார்த்தால், இவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார். தானாகத் திரும்பியிருக்கிறார், யாரும் புரட்டாமல். ஷபானா பார்த்திருந்தால் கைதட்டியிருப்பாள்.

அண்ணி மத்தியானம் ஒன்றரைக்கு வந்தார். எட்டரை மணி நேரம். இரண்டு பாதத்திலும் கொப்புளம், முகம் முழுக்க ஒளி. வெந்நீர் வைத்துக் காலை ஊறவைத்து மஞ்சள் தடவிவிட்டேன். "உன் பேரைச் சொல்லித்தான் எட்டு லிங்கத்துலயும் விளக்கு ஏத்தினேன் தாயி" என்றார். தரை பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது.

மார்ச் 18, செவ்வாய்

இவர் எனக்கு எண்ணுவதில்லை. ஷபானாவுக்கு எண்ணுகிறார். நான் பாயில் படுத்ததும் கண்ணை மூடிக்கொள்கிறார்.

நானே எண்ணிக்கொள்கிறேன். நான் தாவுவதில்லை.

மார்ச் 28, வெள்ளி

ஒற்றைக் காலில் நின்றேன். இடுப்பு இறங்கவில்லை. படி இறங்கினேன், ஊசி குத்தவில்லை. லேசாக ஒரு இழுப்பு, அவ்வளவுதான்.

"அக்கா, சூப்பர்! வர்ற பௌர்ணமிக்கு அஞ்சு கிலோமீட்டர் போகலாம். முழுசு வேணாம். வெறுங்கால் வேணாம், கேன்வாஸ் ஷூ போடுங்க. சரிஞ்ச ஓரம் வேணாம், ரோடு நடுவுல நடங்க. வலிக்கறதுக்கு முன்னாடி திரும்பிடுங்க. அப்பறம் மாசம் ஒரு தரம் பதினாலு கிலோமீட்டர்ங்கறதை விட்டுட்டு, தினம் இருபது நிமிஷம் நடங்க. அதுதான் இது திரும்ப வராம இருக்க வழி."

"தினம் இருபது நிமிஷம் இவரை யார் பாத்துப்பா?"

பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். இன்று ஐஸ் போடவில்லை.

ஏப்ரல் 11, வெள்ளி

பங்குனி உத்திரம். அண்ணி வந்தார். புதுசாகப் பாதத்துக்குத் துணிப்பட்டை தைத்து எடுத்துவந்திருக்கிறார்.

"கால் சரியாகிடுச்சு அண்ணி. நாளைக்கு நான் போறேன்."

"ரிஸ்க் வேணாம்மா. கடைசி சுத்து. பாதியில நீ உக்காந்துட்டா எல்லாம் வீணாப்பூடும். ஒண்ணு முடிச்சேன்ல, இதையும் நானே முடிச்சு வெச்சிடறேன். உன் வேலை முடிஞ்சுது, இனிமே நிம்மதியா வீட்ல இரு."

நிம்மதியாக வீட்டில் இரு. நல்ல மனசோடுதான் சொன்னார். நல்ல மனசோடு சொல்கிறவர்களிடம் சண்டை போடவும் முடிவதில்லை. சரி என்று சொல்லிவிட்டு மாவு கரைத்தேன். கேன்வாஸ் ஷூவைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். நாளையோடு பன்னிரண்டு முடிகிறது. அதற்கப்புறம் சொல்லப் பொய்யும் இல்லை.

ஏப்ரல் 12, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

விடிகாலை அண்ணி குளித்து, மஞ்சள் துணியில் காசு முடிந்து, கட்டிலருகே வந்தார். நான் அடுப்படி வாசலில் டபராவோடு நின்றேன்.

"போய்ட்டு வந்துடறேன்டா தம்பி. இன்னையோட முடியுது. நீ எழுந்து பேசுவ பாரு."

இவர் இடது கையால் அக்காவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டார்.

"இல்ல."

"இல்லன்னா இன்னாடா? தண்ணியா?"

"இல்ல. இல்ல!" முந்தானையை விடவில்லை. அண்ணி இழுக்க, இவர் இழுக்க, எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு தானாகவே விட்டார். அந்தக் கையை நீட்டி என்னைக் காட்டினார். என்னை, பிறகு கதவை. மறுபடி என்னை, மறுபடி கதவை. உதடு கோணிக்கொண்டு எதையோ தேடுகிறது, கிடைக்கவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கட்டில் கம்பியை இரண்டு தட்டுத் தட்டினார், பஸ் தகரத்தைத் தட்டுகிற மாதிரி.

"போலாம்..." என்றார். மூச்சு வாங்கினார். "ரைட்!"

ஒரு வருஷம் மூன்று மாதத்துக்குப் பிறகு அந்தக் குரல். கரகரவென்று, வேலூர் பஸ் ஸ்டாண்டு முழுக்கக் கேட்ட அதே குரல்.

டபரா என் கையில் இல்லை, தரையில் உருண்டுகொண்டிருந்தது. அண்ணி தலைமேல் கை குவித்துக்கொண்டு, "அண்ணாமலையாரே! பேசிட்டான்! பன்னெண்டாவது பௌர்ணமி அன்னைக்கே பேசிட்டான்!" என்று தெருவே எழுந்திருக்கக் கத்தினார். பிறகு என்னைப் பிடித்து உலுக்கினார். "இன்னும் இன்னாடி மரம் மாதிரி நின்னுக்கினு கீற? உன்னைத்தான் போகச் சொல்றான். நீ வேண்டினது. நீதான் முடிக்கணும். போ!"

இவரைப் பார்த்தேன். எனக்குத் தெரியும், இவருக்கும் தெரியும். இவர் எங்கே போகச் சொல்கிறார் என்பது இந்த வீட்டில் எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். ஷூவை எடுக்கக் கட்டிலுக்கு அடியில் குனிந்தபோது, அந்தக் கை என் தலையில் ஒரு தட்டுத் தட்டியது.

தெருமுனையில் ஷூ போட்டுக்கொண்டேன். ரோடு நடுவில் நடந்தேன். எம லிங்கம் வரைதான் போனேன். போக மூன்று, வர மூன்று, ஷபானா சொன்னதற்கு ஒரு கிலோமீட்டர்தான் கூட. வலி இல்லை. அங்கேயே ஒரு கடையில் டீ. தண்ணியாக இருந்தது, நம் கடை டீக்கு உறை போடக் காணாது. ஆனாலும் இரண்டு குடித்தேன். மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். முதல் ஒரு மணி நேரம் அழுதேன்.

வந்த வழியே திரும்பினேன். ஊரே வலமாக வருகிறது, நான் ஒருத்தி எதிரே போகிறேன். முறைத்தார்கள். ஒரு அம்மாள், "தப்பா போறம்மா" என்றாள். தெரியும் என்றேன். கூட்டத்துக்கு ஒதுங்கி, எப்போதும் நடக்கும் அதே ஓரம், ஆனால் இந்தத் திசையில் இடது கால் மேட்டில். முட்டி ஒரு வார்த்தை பேசவில்லை.

ராஜகோபுரத்துக்கு எதிரே நின்று, இத்தனை மாதத்தில் முதல் தடவையாக ஒன்று கேட்டேன். இந்த முட்டியை மட்டும் பார்த்துக்கொள் என்று கேட்டேன். மறக்காமல் திருநீறு வாங்கினேன்.

வீட்டுக்கு வந்தால் அண்ணி தீர்ப்பே எழுதிவைத்திருக்கிறார்: "பலிச்ச வேண்டுதலை நிறுத்தினா சாமிக் குத்தம். இனிமே மாசாமாசம் நீ போயே ஆகணும். நான் வந்து தம்பியைப் பாத்துக்கறேன். என் உசுரு இருக்கற வரைக்கும்."

அண்ணியிடம் உண்மையைச் சொல்லவேண்டும் என்று வாய் வரை வந்தது. கட்டிலிலிருந்து இவர், "இல்ல" என்றார்.

முதல் தடவையாக அந்த வார்த்தை அதன் இடத்தில் சரியாக வந்து உட்கார்ந்தது. நான் வாயை மூடிக்கொண்டேன்.

ஐந்து மணி நேரம் போதுமா என்றால் போதாது. இந்த டைரியில் இனி எதற்குப் பொய்?

ஏப்ரல் 13, ஞாயிறு

அண்ணி ஊருக்குப் போனார். ஐந்தரைக்குத் துடைத்தேன், துணி மாற்றினேன், கஞ்சி. பெல்ட்டைப் பிடித்து, இரண்டு காலையும் ஊன்றி எழுப்பினேன்.

அடுத்த பௌர்ணமி மே 12. சித்ரா பௌர்ணமி, கூட்டம் தாங்காது. போவேன்.

மத்தியானம் பாயில் ஒருக்களித்துப் படுத்துக் காலைத் தூக்கினேன். "ஒண்ணு" என்று கட்டிலிலிருந்து குரல் வந்தது. பதினொன்று, பன்னிரண்டு, பதிமூன்று, பதினான்கு, பதினைந்து. ஒன்றுகூட விடவில்லை. முடிந்ததும் கம்பியில் இரண்டு தட்டு. அடுத்த காலுக்குப் புரண்டு படுத்தேன்.